கீழ்த்தளத்தில் ஒரு சஹன்

இரண்டு வருடங்களுக்கு முன், ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த அடுத்த கிழமை, காத்தான்குடி பிரதான வீதியில் புதிதாகத் திறந்திருந்த ஒரு சாப்பாட்டுக் கடையில் நடந்தது இது. கொழும்பிலும் கண்டியிலும் கிளைகள் உள்ள கடை. பெயர் வேண்டாம். கடையைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. போகிற போக்கில் கொஞ்சம் சொல்லத்தான் போகிறேன், அது வேறு விஷயம்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஏறாவூரில் வாவிக்கரைப் பக்கம் வீடு. கணவர் மௌத்தாகி நான் விதவையான பிறகு, சின்னப் பிள்ளையாக இருந்த என் ஒரே மகளைத் தம்பி குடும்பத்தோடு விட்டுவிட்டுக் கட்டாருக்கு வீட்டு வேலைக்குப் போனேன். அங்கே உழைத்த காசில்தான் இந்த வீட்டைக் கட்டினேன். எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். கடைசியாக ஒரு அறைக்குக் கூரை போட்டால் முடிந்தது என்றிருந்த நேரத்தில், கட்டாரில் மேல்மாடி ஜன்னல் துடைக்கும்போது கால் தவறிக் கீழே விழுந்தேன். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. போகும்போது நடந்து போன நான், திரும்பி வரும்போது சக்கர நாற்காலியில் வந்தேன். இப்போது வீட்டிலிருந்து, கையால் சுற்றும் மெஷினில் அபாயா தைத்துக் கொடுக்கிறேன். "ராத்தாக்கு கால் வேலை செய்யாட்டியும் வாய் ரெண்டாள் வேலை செய்யும்" என்று தம்பி கேலி செய்வான். அது உண்மைதான்.

மகள் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். அவளுக்கு மூதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பேச்சுவார்த்தை எல்லாம் தம்பிதான். ஒருநாள் வந்து, பெண் பார்க்கும் நிகழ்ச்சியைக் காத்தான்குடியில் ஒரு கடையில் வைத்துக்கொள்ளலாம் என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. மூதூரிலிருந்து வருகிறவர்கள் ஏறாவூரைத் தாண்டி, மட்டக்களப்பைத் தாண்டி, கல்லடிப் பாலத்தையும் தாண்டித்தான் காத்தான்குடிக்குப் போக வேண்டும். வழியில் இருக்கிற வீட்டை விட்டுவிட்டுக் கடைக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்டேன். இப்போதெல்லாம் இப்படித்தான் ராத்தா, சம்பந்தம் சரிவராவிட்டாலும் அக்கம்பக்கத்தார் வாயில் விழத் தேவையில்லை என்றான். ஏற்கனவே இரண்டு சம்பந்தம் வந்து, பார்த்துவிட்டுப் போய், பதிலே இல்லாமல் போயிருந்தது. அதனால் அவன் சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

நானும் வருகிறேன் என்றதும் அவன் முகம் ஒரு மாதிரிப் போனது. அங்கே படி இருக்கும், உங்களுக்குச் சிரமம் என்றான். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கடையின் படத்தைக் கண்டாலும், எல்லோரும் சாப்பாட்டைப் பார்ப்பார்கள், நான் வாசலைப் பார்ப்பேன். அந்தக் கடையின் திறப்பு விழாப் படம் போனில் வந்தபோதே பார்த்துவிட்டேன். வாசலில் படிக்குப் பக்கத்தில், நாற்காலி உருண்டு ஏறுவதற்கு இதமான சாய்வில் ஒரு பாதை, இரண்டு பக்கமும் கைபிடிக் கம்பி. அந்தப் படத்தை எடுத்துத் தம்பியிடம் நீட்டினேன். அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, சரி வாங்க என்றான்.

அன்றைக்கு அவனும் அவன் மனைவியும் என் மகளும் முதலில் போய்விட்டார்கள். நான் வழமையாகப் போகும் ஆட்டோவில், நாற்காலியை மடித்துப் பின்னால் வைத்துக்கொண்டு போனேன். கல்லடிப் பாலத்தில் வாவிக் காற்று முகத்தில் அடித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். என் மகளைப் பெண் பார்க்கிறார்கள், நான் உம்மாவாகப் போய் நடுவில் உட்காரப் போகிறேன் என்பதுதான் மனமெல்லாம்.

கடை படத்தில் இருந்த மாதிரியே இருந்தது. யாருடைய கையும் படாமல் நானே உருட்டிக்கொண்டு உள்ளே போனேன். கதவு அகலம். கழிவறைக் கதவில் சக்கர நாற்காலிப் படம் ஒட்டியிருந்தது. நம்பிக்கை இல்லாமல் திறந்து பார்த்தேன். உள்ளே திரும்புவதற்கு இடம், பிடிப்பதற்குக் கம்பி, எல்லாம் இருந்தது. வெளியே போகிற நாளில் காலையிலிருந்து ஒரு மிடறு தண்ணீரும் குடிக்காமல் கிளம்புகிற ஆள் நான். அந்தக் கழிவறையைக் கண்டதும் ஒரு போத்தல் தண்ணீர் வாங்கி அங்கேயே குடித்தேன்.

அதன் பிறகுதான் கவனித்தேன். கீழே இருந்த எல்லா மேசையிலும் ஆண்கள். பெண் என்று சொல்ல நான் ஒருத்திதான். தம்பி படிக்கட்டில் இறங்கி வந்தான். ஃபேமிலி செக்ஷன் மேலே, பெண்கள் எல்லாரும் மேலேதான் என்றான்.

நான் திகைத்துப் போனேன். லிஃப்ட் இல்லையா என்று கடை மேனேஜரைக் கேட்டேன். நல்ல மனிதர், முகம் சிவந்து போய் நின்றார். சாய்வுப் பாதை, அகலக் கதவு, கழிவறை எல்லாம் கொழும்பிலிருந்து வந்த வரைபடத்தில் இருந்ததாம், அப்படியே கட்டினார்களாம். பெண்களுக்குத் தனி இடம் வேண்டும் என்று கேட்டது ஊர்மக்களாம், அதற்கு மேல்மாடிதான் மறைவு என்று அங்கே வைத்தார்களாம். பிறகு அவர் சொன்ன ஒரு வசனம் எனக்கு இன்றைக்கும் ஞாபகம்.

"வீல்செயர்ல வாற ஆக்கள்ல பொம்புளையும் இரிப்பாங்க எண்டு நாங்க நினைக்கல்ல தாத்தா."

எங்கள் பக்கத்தில் தாத்தா என்றால் அக்கா. ஒளிவுமறைவில்லாமல் சொன்னார், அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும். நாலு பையன்களை வைத்து நாற்காலியோடு தூக்கித் தரட்டுமா என்றும் கேட்டார். அந்நிய ஆண்கள் நாலு பேர் தூக்க, சாப்பிடுகிற இத்தனை பேருக்கு முன்னால் நான் அந்தரத்தில் போவதா? மாட்டேன் என்றுவிட்டேன். தம்பி உடனே, நீங்க கீழே இருங்க ராத்தா, மாப்பிள்ளையின் உம்மாவை நானே கூட்டி வந்து காட்டுகிறேன் என்றான். சொல்லிவிட்டு இரண்டிரண்டு படியாக ஏறிப் போய்விட்டான்.

மேனேஜர் என்னை ஒரு மூலை மேசைக்குக் கொண்டுபோய், மறைப்புக்கு ஒரு விளம்பரத் தட்டியை இழுத்து வைத்தார். ஆள் உயரத்துக்குப் பொரித்த கோழிக்காலின் படம். அதற்குப் பின்னால் நான். சம்பந்தியம்மா வந்தால் கோழிக்காலைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும் என்று நினைத்துத் தனியாகச் சிரித்தேன்.

கொஞ்ச நேரத்தில் தட்டியின் அந்தப் பக்கம் சலசலப்பு. ஒரு பெண், என் வயதைவிடக் கொஞ்சம் மூத்தவர், கனத்த உடம்பு, மூச்சு வாங்க உள்ளே வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தார். படியில் இரண்டு ஏறினாராம், முழங்கால் விடவில்லையாம், கீழே பெண்களுக்கு இருக்கிற ஒரே இடம் இதுதான் என்று மேனேஜர் அனுப்பினாராம். ஸலாம் சொன்னார், என் நாற்காலியைப் பார்த்தார், உங்களுக்கும் மேலே போக ஏலாதா என்று கேட்டுச் சிரித்தார். கண்டவுடனேயே பிடித்துப் போகிற முகம்.

பசிக்கிறது, இரண்டு பேரும் ஒன்றாகவே சாப்பிடுவோமா என்று கேட்டு, அவரே சின்னச் சஹன் ஒன்றுக்குச் சொல்லிவிட்டார். சஹன் என்றால் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய தட்டில் சோற்றையும் இறைச்சியையும் வைத்து, சுற்றி உட்கார்ந்து எல்லோரும் அந்த ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிடுவது. எங்கள் கல்யாண வீடுகளில் அதைப் பாயில்தான் வைப்பார்கள். நான் நாற்காலிக்கு வந்த நாளிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் எனக்கு ஒரு மூலையில் தனித் தட்டு. அன்பாகத்தான் தருவார்கள், ஆனால் தனித் தட்டு. அந்தக் கடையில் சஹனை மேசையில் வைத்தார்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் இன்னொருவரோடு ஒரே தட்டில் கை வைத்தேன். அந்தத் தாத்தா இறைச்சியைப் பிய்த்துப் பிய்த்து என் பக்கம் தள்ளினார்.

மகனுக்குப் பெண் பார்க்க மூதூரிலிருந்து வந்திருக்கிறோம் என்று அவர் சொன்னபோது என் கை நின்றுவிட்டது. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. மேலே இருக்கிறவர்கள் இரண்டு உம்மாமாரையும் கீழே விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்! நான்தான் பெண்ணின் உம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் அடுத்த வசனத்துக்குப் போய்விட்டார்.

"புள்ள நல்ல புள்ளயாம். உம்மாக்காரி மட்டும் ஊர்ல இல்ல. இன்னும் கட்டார்லதான் இரிக்காவாம், கலியாணத்துக்கும் லீவு கிடைக்குமோ தெரியா எண்டு மாமாக்காரர் சொன்னாரு."

திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. வேறு யாரோ ஒரு பெண்ணாக இருக்கும் என்று நினைக்கப் பார்த்தேன். பெண் என்ன செய்கிறாள் என்று கேட்டேன். பாலர் பாடசாலை டீச்சர் என்றார். எந்த ஊர்? ஏறாவூர், வாவிக்கரையில் புது வீடு, உம்மா வெளிநாட்டில் உழைத்துக் கட்டியது. என் வீட்டை எனக்கே விவரித்துக்கொண்டிருந்தார். அதோடு விட்டாரா? மகன் போய்க் குடியிருக்கப் போகிற வீடு, ஏலாத ஆட்கள், நோயாளிகள் என்று ஒருத்தரும் வீட்டில் இல்லை, அதுதான் எங்களுக்குப் பிடித்தது என்றார். சொல்லி முடித்த பிறகுதான் அவர் கண் என் நாற்காலியில் பட்டது. உடனே என் கையைத் தொட்டு, நான் உங்களைச் சொல்லவில்லை, தப்பா நினைக்காதீங்க என்றார்.

எனக்குக் காது அடைத்துவிட்டது. மேலே விசிறி சுற்றுகிறது, பக்கத்து மேசையில் யாரோ சிரிக்கிறார்கள், எல்லாம் தூரத்தில் கேட்கிறது. கட்டாரில் மாடியிலிருந்து விழுந்தபோதுகூட விழுகிறேன் என்று தெரிந்தது. இது என்னவென்றே எனக்குப் புரியவில்லை. வீட்டில் வைக்காமல் கடையில் வைத்தது, நானும் வருகிறேன் என்றதும் அவன் முகம் போன போக்கு, ஓடி ஓடி மேலே ஏறியது, எல்லாம் ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. மேல்மாடியில்தான் ஃபேமிலி செக்ஷன் என்று தெரிந்துகொண்டே என் தம்பி என்னை வரச் சொல்லியிருக்கிறான்.

அந்த நேரத்தில்தான் தம்பி தட்டியைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தான். மாப்பிள்ளையின் உம்மா கீழே நின்றுவிட்டார் என்று மேலே யாரோ சொல்லியிருக்க வேண்டும். வந்தவன், ஒரே சஹனில் எங்கள் இரண்டு பேரின் கையையும் கண்டான். முகத்தில் இரத்தமே இல்லை. அந்தத் தாத்தா ஒன்றும் அறியாமல், இந்த மனுஷி நல்ல குணம், இவங்களோடதான் பேசிக்கொண்டிருந்தேன் என்று என்னைக் காட்டினார். தம்பி என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு, முன்பின் அறியாத பெண்ணுக்குச் சொல்வதுபோல, தலையைக் குனிந்து எனக்கு ஸலாம் சொன்னான்.

நான் தூக்கி வளர்த்த தம்பி அவன். என் மகளை வளர்த்தவனும் அவன்தான், அதையும் நான் மறக்கவில்லை. ஆனால் அந்த ஸலாம் என்னைச் சாகடித்துவிட்டது. கத்தியிருக்கலாம். சோற்றை அவன் முகத்தில் விசிறியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவனுக்குப் பதில் ஸலாம் சொன்னேன், அந்நிய ஆணுக்குச் சொல்வதுபோலவே. என்னால் இரண்டு சம்பந்தம் போயிருக்கிறது. மூன்றாவது என் வாயால் போக வேண்டாம் என்று அந்த ஒரு கணத்தில் முடிவெடுத்தேன். மகளுக்கு எதுவும் தெரிந்திருக்காது, பாவம் பிள்ளை, அவள் நல்லாயிருக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

படியில் காலடிச் சத்தம். மாப்பிள்ளையின் தங்கை, பெண்ணைத் தன் உம்மாவுக்குக் காட்டுவதற்காக என் மகளைக் கையில் பிடித்துக் கீழே கூட்டி வந்தாள். பெருநாளுக்கு நான் தைத்துக் கொடுத்த அபாயாதான் மகள் போட்டிருந்தாள். என்னைக் கண்டாள். அந்தத் தாத்தாவைக் கண்டாள். தம்பியைக் கண்டாள். அவள் திகைக்கவில்லை, பயந்தாள். பயம் வேறு, திகைப்பு வேறு. உம்மாவுக்கு அது தெரியாதா? அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. அந்த நிமிடம் என் வாழ்க்கையில் இனி வேண்டாம். நான் தலையைக் குனிந்து சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தாத்தா சுத்தமாக இருந்த இடது கையால் அவள் கன்னத்தைத் தடவினார். பெயர் கேட்டார், வேலை கேட்டார். பிறகு மிகவும் சாதாரணமாகக் கேட்டார்.

"உம்மா எப்ப மகள் வாறாங்க?"

தம்பி அவசரமாக ஏதோ சொல்ல வந்தான். மகள் அவனைப் பார்க்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. எனக்கு மூச்சு விடவும் முடியவில்லை.

"உம்மா எப்பவோ வந்துட்டாங்க. இதுதான் என்ட உம்மா."

சொல்லிவிட்டு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்று கைபிடியைப் பிடித்துக்கொண்டாள். 

அந்தத் தாத்தா சஹனிலிருந்து கையை எடுத்துவிட்டார். என்னை, நாற்காலியை, தம்பியை மாறி மாறிப் பார்த்தார். இவ்வளவு நேரமும் தெரிந்துகொண்டா என்னோடு சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். உங்கள் வாயால் கேட்ட பிறகுதான் நான் கட்டாரில் இருப்பது எனக்கே தெரியும் என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் எழுந்து, நொண்டி நொண்டிப் போய்க் கையைக் கழுவினார். மகனையும் மற்றவர்களையும் மேலிருந்து கூப்பிட்டார். எல்லோரும் வேனில் ஏறிப் போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்து மகள் எல்லாவற்றையும் சொன்னாள். நிக்காஹ் முடியும்வரை மட்டும்தான் என்று மாமா சொன்னாராம். பிறகு உம்மா கட்டாரில் விழுந்துவிட்டார் என்று சொல்லிக்கொள்ளலாமாம். அதாவது நான் இன்னொரு தடவை விழ வேண்டும். மகள் முடியாது என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லையாம், பேசாமல் இருந்தாளாம். என் மடியில் முகத்தை வைத்து அழுதாள். தலையைத் தடவிக் கொடுத்தேன். ஆனால் அன்றைக்கு அவளை விட்டுவிட்டுத் தையல் மெஷினிலேயே இருந்தேன். கோபம் என்று சொல்ல மாட்டேன். நான் உயிரோடு வீட்டில் இருக்கும்போதே என்னை இல்லாமலாக்கி ஒரு மாதம் வாழ்ந்திருக்கிறார்களே என்ற அதிர்ச்சி.

அந்தச் சம்பந்தம் அவ்வளவுதான் என்று இருந்தோம். இரண்டு கிழமை கழித்து என் போனுக்கு அழைப்பு வந்தது. அந்தத் தாத்தாதான். தம்பியிடம் கேட்காமல் வேறு யாரிடமோ என் நம்பரை வாங்கியிருக்கிறார். சுற்றிவளைக்கவில்லை.

"முன்னமே தெரிஞ்சிருந்தா நான் வந்திரிக்க மாட்டன். அது உண்மை. பொய் சொல்ல எனக்கு வராது."

  பிறகு, என் மகளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தது தனக்குத் தூக்கத்திலும் வருகிறது என்றார். அடுத்தாற்போல் கேட்டார்.

"ஒங்கட ஊட்டுக்கு எத்தின படி ஏறணும்?"

"ஒரு படியும் இல்ல தாத்தா. எனக்காக எல்லாத்தையும் உடைச்சாச்சு."

"அப்ப ஞாயிற்றுக்கிழமை வாறன். சஹன மேசைல வைங்க. எனக்கும் நிலத்துல குந்த ஏலாது."

நிக்காஹ் நடந்து ஒரு வருடமாகிறது. மருமகன் எங்கள் வீட்டில்தான். சம்பந்தியம்மா மாதம் ஒரு தடவை வருவார், வந்தால் எங்கள் சாய்வு வாசலைப் புகழாமல் போக மாட்டார். தம்பியும் வந்து போகிறான். பேசுகிறோம், சிரிக்கிறோம், என் வாயைக் கேலி செய்வதை மட்டும் அவன் விட்டுவிட்டான். அந்தக் கடையில் இப்போது கீழேயும் பெண்களுக்கு ஒரு பகுதியை மறைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று கேள்வி. நான் இன்னும் போகவில்லை.

மகளை நான் மன்னித்துவிட்டேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் வாசலில் யாராவது வந்து அவளிடம் "உம்மா எங்க?" என்று கேட்டால், உள்ளே தையல் மெஷினின் முன்னால் இருக்கிற என் கை நின்றுவிடுகிறது, அவள் பதில் சொல்லும்வரை இன்றைக்கும் எனக்கு மூச்சு வருவதில்லை.